பெரட்டும் பெரட்டலும்

குகன் யாருக்கும் போன் செய்ய மாட்டான். குரல் செய்திதான் அனுப்புவான், அதுவும் வாயில் எதையாவது மென்றுகொண்டே. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, புக்கிட் செந்தோசா சந்தையில் நான் கங்கோங் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவன் அழைப்பு வந்தது. கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தேன்.

“மலர், ஸ்டெல்லா போயிட்டா லா.”

“எங்க போயிட்டா? காய்ச்சல்னு படுத்திருந்தாளே! அதுக்குள்ள எந்த எஸ்டேட்டுக்குக் கெளம்பிட்டா? ரெண்டு நாள் கட்டில்ல கெடந்தா இவளுக்கு என்ன கொறஞ்சு போகும்?”

நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே போனேன். அவன் குறுக்கே பேசவில்லை. கீரைக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டி முடித்த பிறகுதான் மறுமுனையில் குகன் அழுவது காதில் விழுந்தது. வாயில் எதுவும் இல்லாமல் அவன் குரலை நான் கேட்டது அன்றுதான்.

டெங்கிக் காய்ச்சல். என்னிடம் “சும்மா சாதா காய்ச்சல் லா, பேசாம இரு” என்று சொன்னவள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது. அவளுக்கு வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டெல்லாவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் படிக்கலாம்; அவள் யாரையும் வாசலில் நிறுத்தி வைத்ததில்லை. இப்படிப்பட்ட கட்டுரையைக் குரலைத் தாழ்த்தி எழுத வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு அது வரவில்லை. அழுகையெல்லாம் அழுதாயிற்று. ஆனால் அவளை நினைத்து உட்கார்ந்தால் முதலில் வருவது அழுகை இல்லை. நெஞ்சு படபடக்கிறது, எழுந்து எங்காவது ஓட வேண்டும் போலிருக்கிறது. அவள் கூட இருந்தால் எப்போதும் அப்படித்தான் இருக்கும். அதை மாற்றி எழுதினால் அது அவளைப் பற்றியதாக இருக்காது.

அவளை முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில். கோலசிலாங்கூர் பக்கம் அப்போது இருந்த ஒரு சிறிய தனியார் கல்லூரி அது. இப்போது வேறு பெயரில் வேறு ஊருக்குப் போய்விட்டது. நான் கட்டிலில் படுத்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவருகே ஒல்லியாக, கறுப்பாக, தோளில் ஒரு பையும் கையில் தலையணையுமாக ஒருத்தி வந்து நின்றாள். கதவில் ஒட்டியிருந்த என் பெயரைப் படித்தாள். படித்தாள் என்றா சொன்னேன்? கூவினாள்.

“மலர்விழி!”

நான் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தேன். “ஏன் லா கத்துற?”

“பதில் சொல்லு.”

“என்ன பதில்?”

“வந்திருக்கேன்னு சொல்லு.”

சொல்லாமல் இந்தப் பெண் உள்ளே வரமாட்டாள் போலிருந்தது. “வந்திருக்கேன்” என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுத்தான் பையை இறக்கி வைத்தாள்.

அவள் அப்பா அந்தோணி அங்கிள், புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். விடியற்காலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. அதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். பெரட்டு நடக்கும் திடலுக்கு எதிரிலேயே அவர்கள் வீடு. பிறந்த நாளிலிருந்து அந்தக் கூவலில்தான் அவள் கண் விழித்திருக்கிறாள். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். நேரில் நின்றால் “வந்திருக்கேன்”. ஆள் வரவில்லையென்றால் பக்கத்தில் நிற்பவர் அவருக்காகச் சொல்ல வேண்டும்: காய்ச்சல் என்றால் “சீக்கு”, ஊருக்குப் போயிருந்தால் “லீவு”. சிலர் பெரட்டுக்கு நிற்காமல் விடிவதற்குள் வேலைக்குக் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். அவர்களுக்கு “முன்னாடியே போயிட்டாங்க”. இந்தப் பதில்களில் ஒன்று வராமல் அந்தோணி அங்கிள் அடுத்த பெயருக்குப் போகமாட்டார். வங்காளதேசத்திலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தபோது அவர்கள் பெயர்களையும் அவரவர் சொல்வது போலவே சொல்லப் பழகிக்கொண்டவர் அவர். “பேரத் தப்பா கூப்பிட்டா கூப்பிட்டதாவே சேத்தி இல்ல” என்று ஸ்டெல்லா அடிக்கடி சொல்வாள். அது அப்பா சொன்னதா, அவளே சொன்னதா, எனக்குத் தெரியாது.

எங்கள் அறையில் மூன்றாவது கட்டில் பவானியுடையது. பெயர் கூப்பிட்டபோது அவள் வாயைத் திறக்கவில்லை, ஒரு விரலை மட்டும் தூக்கினாள். “விரல் பேசாது பவானி, வாயத் தொற” என்றாள் ஸ்டெல்லா. பவானி சிரித்தாள், ஆனால் திறக்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவள். அம்மா பிரசவத்திலேயே இறந்துவிட, அப்பா அதற்கு முன்பே எங்கோ போய்விட, அத்தை எடுத்து வளர்த்த பிள்ளை. பிறந்ததைப் பதிய வேண்டும் என்று அந்தக் குழப்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே அவளுக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது, அடையாள அட்டை கிடையாது. இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், தேசியப் பாடலை எங்களைவிடச் சுத்தமாகப் பாடும் பெண், எந்த நாட்டுக்காரி என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லாமல் இருந்தாள்.

பாலர் பள்ளி ஆசிரியை ஆவதற்கான படிப்பு அது. பவானிக்கு அதைத் தவிர வேறு ஆசை கிடையாது. கடைசிப் பருவத்தில், தேர்வுக்கு முந்தைய வாரம், அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு விதி வந்தது: அடையாள அட்டை இல்லாதவர்கள் தேர்வு மண்டபத்துக்குள் அனுமதிக்கப்படமாட்டார்கள். சேர்க்கும்போது கேட்காததை முடிக்கும்போது கேட்டார்கள். கல்லூரி முழுவதும் அந்த விதியில் மாட்டியது பவானி ஒருத்திதான்.

பவானி அறைக்கு வந்து புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். “விடுங்க லா. எங்க வீட்டுல யாரு எதை முடிச்சிருக்காங்க, நான் முடிக்கிறதுக்கு” என்றாள். அழக்கூட இல்லை. அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தால் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் போல ஆகிவிடும். கண் பளபளக்கும், வாயில் ஏதோ மெட்டு வரும். அன்று அவள் அந்தப் பெட்டியிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் மேசையில் வைத்துக்கொண்டே முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாங்கள் மூவரும் துணை முதல்வர் தேவராஜன் சாரைப் போய்ப் பார்த்தோம். சட்டைக் கை மடிப்புக் கலையாத மனிதர். ஆங்கிலத்தில்தான் பேசுவார். தமிழ் பேசினால் தம் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கிறார் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும். விதி விதிதான், தாம் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். ஸ்டெல்லா ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தாள். நாங்கள் ஏதோ செய்யப்போகிறோம் என்று அவருக்கு வாடை அடித்திருக்க வேண்டும். மாலைக்குள் இரண்டாவது அறிவிப்பு வந்தது: வளாகத்தில் கோரிக்கைக் கூட்டம் கூடாது, உரை கூடாது, கோஷம் கூடாது, பதாகை கூடாது.

சாப்பாட்டுக்கூடத்தில் ஸ்டெல்லா அந்த அறிவிப்பை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரசித்துப் படித்தாள். “எவ்வளவு பொறுப்பா எழுதியிருக்காங்க பாரு. ஒண்ணு விடல” என்றாள். பிறகு என் காதருகே குனிந்து, “பேரு கூப்பிடக் கூடாதுன்னு மட்டும் எழுதல லா” என்றாள்.

வளாகத்தில் கூடிப் பேச முடியாது என்பதால் செகிஞ்சானுக்குப் போனோம். எங்கள் வகுப்பு மெய் லிங்கின் வீடு அங்கேதான், வயலை ஒட்டி. அவள் காரில் நாங்கள் நால்வரும் போய் இறங்கியபோது நெல் பச்சையாக முழங்கால் உயரத்துக்கு நின்றது. மெய் லிங்கின் அம்மா மாங்காய் நறுக்கி உப்பு மிளகாயோடு வைத்தார். நான் பதாகை எழுதலாம் என்றேன், மெய் லிங் கையெழுத்து வாங்கலாம் என்றாள். ஸ்டெல்லா மாங்காயைக் கடித்துக்கொண்டே இரண்டையும் தள்ளினாள்.

“பெரட்டு வைப்போம். பரீட்சை அன்னிக்குக் காலைல, பாடாங் திடல்ல எல்லாரையும் நிக்க வச்சு பேரு கூப்பிடுவேன். ஒவ்வொருத்தரும் பதில் சொல்லணும். பவானி பேரும் கூப்பிடுவேன். அவ உள்ள போயிட்டான்னு பதில் வராம அடுத்த பேருக்குப் போகமாட்டேன். பரீட்சை எழுதுற பிள்ளைங்க எல்லாம் வரிசைல நிப்பாங்க இல்ல? அப்ப ஹால் காலியா இருக்கும். பேச்சு இல்ல, கோஷம் இல்ல. பேருதான்.”

“யாருமே வரலைன்னா?” என்று கேட்டேன்.

“நாம நாலு பேரு இருக்கோமே.”

பிறகு அவள் மெய் லிங்கின் அம்மாவிடம் உட்கார்ந்து ‘மெய் லிங்’ என்பதைச் சரியான ஏற்ற இறக்கத்தோடு சொல்லப் பழகினாள். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிந்தது. நாங்கள் இரண்டு வருடமாக அவளைத் தப்பாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் ஸ்டெல்லா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். ஆங்கில எழுத்தில் தமிழ், எங்கள் எல்லோருடைய வழக்கப்படி: ‘நாளைக்குக் காலைல பெரட்டு. பாடாங்ல. எல்லாரும் வாங்க. பவானிக்காக.’

இங்கேதான் நம் குகன் வருகிறான். கிள்ளான் பட்டணத்துப் பிள்ளை. தோட்டத்தைக் காரில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கல்லூரியில் எத்தனை வாட்ஸ்அப் குழு உண்டோ அத்தனையிலும் அவன் இருந்தான்: பந்து விளையாடுகிறவர்கள், தீபாவளிக் குழு, காரில் சேர்ந்து ஊருக்குப் போகிறவர்கள், எல்லாம். செய்தியைப் படித்த குகன், அவசரத்தில் ஸ்டெல்லா எழுத்துப் பிழை விட்டுவிட்டாள் என்று முடிவு செய்தான். பெரட்டு என்று ஒரு சொல் உலகத்தில் உண்டு என்றே அவனுக்குத் தெரியாது. பெரட்டல் தெரியும். கோழியை மசாலாவோடு சுண்ட வறுத்து இறக்குகிற பெரட்டலுக்காகக் கோலாலம்பூர் வரை போய் வருகிறவன் அவன். அதோடு ‘பவானிக்காக’ என்றும் இருந்ததா, பிறந்தநாள் என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். தோழிக்கு உதவுகிற நல்ல எண்ணத்தில் பிழை திருத்தி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினான்: ‘நாளைக்குக் காலைல பவானி பர்த்டே. கோழி பெரட்டல். பாடாங்ல. எல்லாரும் வாங்க. மங்கு கொண்டு வாங்க.’ மலாய் நண்பர்களும் சீன நண்பர்களும் விட்டுப்போகக் கூடாதே என்று மலாயிலும் ஒருமுறை. ஒரு கோழி படம் வேறு.

காலையில் நாங்கள் திடலுக்குப் போனபோது அங்கே ஒரே திருவிழாக் கூட்டம். கல்லூரியில் இத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தேர்வு எழுதுகிறவர்கள், எழுதாதவர்கள், முதல் வருடப் பிள்ளைகள், எல்லோரும். எல்லோர் கையிலும் டப்பா, தட்டு, அடுக்குச் சட்டி. கூட்டத்தைக் கலைப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்த காவலாளி பாக் மான், தம்முடைய பீங்கான் தட்டோடு வந்து ஸ்டெல்லாவிடம் “அயாம் மானா?” என்று கேட்டார். கோழி எங்கே என்று.

நான் குகனைப் பிடித்து விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். அவனோ தன்னுடைய நீல டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

“ஸ்டெல்லா, இவங்கல்லாம் சாப்பிட வந்திருக்காங்க லா” என்றேன்.

அவள் கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். சிரிப்பு முகம் முழுக்கப் பரவியது. “வந்திருக்காங்க இல்ல? அது போதும்” என்றாள்.

ஒரு சிமெண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். “கோழி உண்டு!” என்றாள். கை தட்டினார்கள். “ஆனா இன்னிக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல. நான் சொன்னா சொன்னதுதான். இன்னிக்குப் பெரட்டு.” மலாயிலும் அதையே சொன்னாள். பெரிய முனகல் எழுந்தது. சிலர் டப்பாவை மூடிக்கொண்டு போகவும் போனார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குள் அவள் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். உங்கள் பெயரை அப்படி ஒரு குரல், அவ்வளவு சரியாக, அத்தனை பேர் நடுவில் கூப்பிட்டால் நீங்கள் போவீர்களா? மற்றவர்கள் போகவில்லை.

“குகன்!” “வந்திருக்கேன்.” “ஹபீஸ்!” “ஹாடிர்!” “மெய் லிங்!” “தாவ்!” கையில் ஒரு தாள் கிடையாது. தெரியாத முகம் வந்தால் பக்கத்தில் நிற்பவன் பெயரைச் சொல்ல, அவள் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். முதலில் முணுமுணுத்தவர்கள் போகப் போகக் கத்தினார்கள். தன் பெயர் எப்போது வரும் என்று கால் மாற்றி நின்றார்கள். மூன்று மொழியிலும் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று பதில் எழும்பிக்கொண்டே இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை எழுதும்போதும்தான்.

பவானி எங்களோடு வரிசையில் இல்லை. அவள் மண்டபத்தின் கதவருகே பேனா டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் ஒட்டி நின்றாள். உள்ளே கால் வைக்க அவளுக்கு உரிமை இல்லை, திரும்பிப் போகவும் மனமில்லை.

தேவராஜன் சார் வேகமாக வந்தார். இது என்ன கூட்டம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“கோழிக்குக் கூடுன கூட்டம் சார். கேட்டுப் பாருங்க” என்றாள் ஸ்டெல்லா. அத்தனை பேரும் டப்பாவை உயர்த்திக் காட்டினார்கள். பாக் மானும் தட்டை உயர்த்தினார். “பேச்சு இல்ல சார், கோஷம் இல்ல, பதாகை இல்ல. பேரு மட்டும்தான் கூப்பிடுறோம்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்டெல்லா மூச்சை இழுத்து, அவள் அப்பாவின் குரலில், சார் மோர் எதுவும் சேர்க்காமல் கூவினாள்:

“தேவராஜன்!”

“வந்திருக்கேன்!”

குதிகால் இரண்டும் சேர, கைகள் பக்கவாட்டில் ஒட்ட, தமிழில், உரக்க. சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே தெரிந்தது. முகம் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. பிறகு திடல் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். அவர் உலு சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பெரட்டுக்கு நின்று பால் தூக்கியவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், மடிப்புக் கலையாத அந்தச் சட்டைக்குள் இருந்து ஒருவர் பதில் சொன்னார் என்பது மட்டும்தான்.

சிரிப்பு அடங்கக் காத்திருந்து ஸ்டெல்லா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

“பவானி!”

பதில் இல்லை. கதவருகே பவானி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பவானி!”

தேர்வு மணி அடித்து ஓய்ந்தது. மண்டபம் காலியாகக் கிடந்தது, எழுத வேண்டியவர்கள் எல்லோரும் டப்பாவோடு வரிசையில் நின்றார்கள். ஸ்டெல்லா மூன்றாம் முறை கூப்பிடவில்லை. அடுத்த பெயருக்கும் போகவில்லை. தேவராஜன் சாரைக்கூட அவள் பார்க்கவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் வராத பெயர் ஒன்று அப்படியே அந்தரத்தில் நிற்பது எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அது இன்னும் நன்றாகவே தெரிந்திருக்கும்.

தேவராஜன் சார் திரும்பி நடந்தார். கதவைத் திறந்தார். பவானியிடம் தலை குனிந்து ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு உள்ளே போனாள். அவர் வாசலிலேயே நின்று எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, காடு கடந்து கேட்கிற குரலில் சொன்னார்:

“முன்னாடியே போயிட்டா!”

ஐயோ, அந்தச் சத்தம்! டப்பா மூடிகளை அடித்தார்கள், தட்டுகளை அடித்தார்கள், பாக் மானின் பீங்கான் தட்டு உடைந்தே போயிற்று. நான் மெய் லிங்கைக் கட்டிக்கொண்டு குதித்தேன். குகன் காரணம் புரியாமலே அழுதான். தேர்வு எழுத வேண்டியவர்கள் மண்டபத்தை நோக்கி ஓடினார்கள். ஸ்டெல்லா பெஞ்சிலிருந்து இறங்கி, “ஓடு, பேனா இருக்கா?” என்று என்னைத் தள்ளினாள். அந்த விதி அத்தோடு எடுக்கப்பட்டது. ‘போம்மா, பெரட்டு முடியிறதுக்குள்ள உள்ள போயிரு’ என்று கதவருகே தேவராஜன் சார் சொன்னதாகப் பவானி பின்னால் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கோழி பெரட்டல் நடந்தது. ஸ்டெல்லாவின் அம்மா பெரிய அண்டாவில் சமைக்க, குகன் தண்டனையாக அன்று முழுவதும் வெங்காயம் உரித்தான். மோட்டார் சைக்கிள்களில் வந்து வந்து சாப்பிட்டுப் போனார்கள். பாக் மானுக்குப் புதுத் தட்டு. மத்தியானம் போல ஒரு கார் வந்து நின்றது, தேவராஜன் சார் இரண்டு கம்பத்து நாட்டுக்கோழிகளை உயிரோடு கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். அந்தோணி அங்கிளும் அவரும் மாமரத்தடியில் உட்கார்ந்து எந்தத் தோட்டம், எந்த மண்டோர் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். சாப்பாட்டுக்காக வந்த கூட்டத்தை வைத்துத்தானே ஜெயித்தோம் என்று நான் கேலி செய்தபோது ஸ்டெல்லா சொன்னாள்: “யாரு எதுக்கு வந்தாங்கன்னு பாக்காத மலர். நிக்கிறாங்களான்னு பாரு.”

அவள் வாழ்க்கை முழுவதும் அதையே செய்தாள். கல்லூரி முடிந்து புக்கிட் ரோத்தான் முதல் சுங்கை செம்பிலாங் வரை, பத்திரமில்லாத பிள்ளைகள் இருக்கும் வீடுகளைத் தேடி ஒரு பழைய காரில் அலைந்தாள். அவர்களுக்காக விண்ணப்பம் எழுதினாள், பதிவு அலுவலகத்துக்குக் கூடப் போய் நின்றாள், பெயரைச் சரியாகச் சொல்ல வைத்தாள். பவானி இப்போது ஜெராமில் ஒரு பாலர் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறாள். ஆனால் குடிமக்களுக்குத் தரும் நீல அடையாள அட்டை அவளுக்கு இன்னும் வரவில்லை. ஒருமுறை சுங்கை செம்பிலாங் படகுத்துறைக் கடையில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “போதும் ஸ்டெல்லா, எத்தன வருஷம் என்னையே பிடிச்சிட்டு நிப்ப? மத்தவங்களப் பாரு” என்றாள் பவானி. ஸ்டெல்லா மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “மத்தவங்களயும்தான் பாக்குறேன். ஆனா ஒம் பேருக்குப் பதில் வரல. எங்க அப்பன் பழக்கம் அது, எனக்கு மாத்த வராது” என்றாள். இன்னொரு மீனுக்கும் சொன்னாள்.

அடக்கத்துக்கு முந்தின மாலை குகன் எல்லாக் குழுக்களுக்கும் ஒரு செய்தி அனுப்பினான்: ‘நாளைக்குக் காலைல பெரட்டு. எஸ்டேட் சர்ச்ல. எழுத்துப் பிழை இல்ல.’ வந்தார்கள். தேவராஜன் சார் கைத்தடியோடு வந்தார். மெய் லிங் அம்மாவையும் அழைத்து வந்தாள். பத்திரம் கிடைத்தவர்கள், இன்னும் கிடைக்காதவர்கள், லோரியில் ஏறி வந்த தோட்டத்து ஆட்கள். குகனின் கையில் அந்த நீல டப்பா இருந்தது. ஏன் எடுத்து வந்தாய் என்று நான் கேட்கவில்லை.

செம்பனை மரங்களுக்கு நடுவே உள்ள கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் முடித்தார். மண் போட்டாயிற்று. கலைந்து போக யாருக்கும் கால் வரவில்லை. அந்தோணி அங்கிள் முன்னால் வந்தார். வேலையை விட்டு வெகுநாளாயிற்று, முதுகு வளைந்துவிட்டது. முதுகை நிமிர்த்தினார்.

“குகன்!”

எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. “வந்திருக்கேன்” என்றான் குகன்.

“தேவராஜன்!” “வந்திருக்கேன்.” “மெய் லிங்!” மகளைப் போலவே அவரும் சரியாகச் சொன்னார். “தாவ்.”

“ஸ்டெல்லா!”

அவர் நிறுத்திவிட்டார். அடுத்த பெயருக்குப் போகவில்லை. அவர் போகமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். பதில் சொல்ல வேண்டியது பக்கத்தில் நிற்பவர். நான்தான் பக்கத்தில் நின்றேன், சீக்கா, லீவா, எதைச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. விரலை மட்டும் தூக்குகிறவளின் குரல், நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில்.

“முன்னாடியே போயிட்டா, அங்கிள்!”

அந்தோணி அங்கிள் தலையை ஆட்டினார். “சரி” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

“மலர்விழி!”

“வந்திருக்கேன்.”

அவளிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இந்தப் பதிலைத்தான். விடுதி அறையில் கதவருகே நின்று அவள் என் வாயிலிருந்து பிடுங்கிய பதில் அது. திங்கட்கிழமை பவானியை அழைத்துக்கொண்டு, ஸ்டெல்லாவின் அந்தப் பழைய காரிலேயே, பதிவு அலுவலகத்துக்கு நான் போகிறேன். இனி அவளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது நான். அங்கே பெயர் கூப்பிடுவார்கள், பவானி வாய் திறந்து பதில் சொல்வாள். அவளுக்குப் பதில் வரும் வரைக்கும் நான் அடுத்த பெயருக்குப் போகமாட்டேன்.